ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போம்மா!

திருவண்ணாமலையில் உங்களுக்குச் சொந்த வீடு இருந்தால், அந்தச் சமாசாரத்தைத் தயவுசெய்து வெளியே சொல்லிக்கொள்ளாதீர்கள். அதிலும் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருக்கிறது என்று மூச்சு விடாதீர்கள்!

சொன்னால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறீர்களா? வருஷத்துக்குப் பன்னிரண்டு பௌர்ணமி வருகிறது. சில வருஷங்களில் பதின்மூன்று. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலையைச் சுற்றுவதற்கென்று பந்துக்கள் வந்து இறங்குவார்கள். பந்துக்கள் மாத்திரமா? பந்துக்களின் சிநேகிதர்கள், சிநேகிதர்களின் சம்பந்திகள், சம்பந்தி வீட்டில் மாடியில் குடியிருப்பவர்கள் எல்லோரும் வருவார்கள். பதினாலு கிலோமீட்டர் நடந்துவிட்டு விடியற்காலையில் கால்களைத் தேய்த்துக்கொண்டே, "ஒரு வாய் காப்பி கிடைக்குமா?" என்பார்கள். பாவம், நடந்து வந்தவர்களிடம் முகத்தைச் சுளிக்க முடியுமா? எங்கள் வீடு மூன்று தலைமுறையாக இப்படித்தான் நடந்து வருகிறது. வாசலில் "சத்திரம்" என்று பலகை மாட்டாத குறைதான்.

இந்த வீட்டில்தான், 2024ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், என் தம்பியின் மனைவி தோசை வார்த்துக்கொண்டே அந்தச் செய்தியை வெளியிட்டாள்.

"அத்தை, நான் இந்த வருஷம் 'கேட்' எழுதப்போறேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரைக் கேட்டு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. ஆனால் அம்மா சிரிக்கவில்லை. அம்மாவுக்கு அந்தப் பரீட்சையின் பெயர் அது என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

தன் பெயரைப் போடக் கூடாது என்பது தம்பி மனைவியின் நிபந்தனை. ஆகவே இந்தக் கட்டுரை முடியும் வரையில் அவள் "பரீட்சைக்காரி". வயது முப்பது. சிவில் இஞ்சினீயரிங் பட்டம் வாங்கி, இரண்டு வருஷம் வேலை பார்த்து, கல்யாணம், குழந்தை என்று ஆனபின் வீட்டோடு இருந்துவிட்டவள். பெண் குழந்தைக்கு அப்போது ஆறு வயது. என் தம்பிக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம். சனிக்கிழமை இரவு வருவான். ஞாயிற்றுக்கிழமை இரவு கிளம்பிவிடுவான். எனக்கோ பத்திரிகை வேலை. கம்ப்யூட்டரும் டெலிபோனும் இருந்தால் எங்கிருந்து வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம் என்ற சௌகரியம் வந்திருப்பதால், அந்த ஆறு மாதமும் நான் பிறந்தகத்தில் இருக்கும்படி நேர்ந்தது. நான் கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

'கேட்' பரீட்சை என்பது எம்.டெக். போன்ற மேல்படிப்புக்கு நுழைவாயில். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் ஏழு ஐ.ஐ.டி.களும் சேர்ந்து, முறைவைத்து வருஷந்தோறும் பிப்ரவரியில் நடத்துகின்றன. 2025ஆம் வருஷப் பரீட்சை ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் முறை. மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண்கள். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். கணக்குப் போடும் யந்திரம்கூடத் திரையிலேயே இருக்கும். நாம் கொண்டுபோகக் கூடாது. நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தப்பாகத் தொட்டால், அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கையை விட்டுப் போகும். வாங்கிய மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். அந்த வருஷம் விண்ணப்பக் கட்டணம் 1,800 ரூபாய், பெண்களுக்கு 900.

இவற்றையெல்லாம்விட நம் வாசகிகள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பரீட்சைக்கு வயது வரம்பு கிடையாது!

பரீட்சைக்காரி காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். சிவில் பாடத்துக்குப் பரீட்சை பிப்ரவரி 16. நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்துக்குள் பௌர்ணமி ஏழு. தீபாவளி ஒன்று. பத்து நாள் கார்த்திகைத் தீபத் திருவிழா. அதற்கு ஊரே கொள்ளாமல் லட்சக்கணக்கில் ஜனங்கள் வருவார்கள். பிறகு பொங்கல். தைப்பூசப் பௌர்ணமியோ பரீட்சைக்குச் சரியாகச் சில நாள் முன்னால்! பரீட்சை நடத்துகிறவர்கள் திருவண்ணாமலையில் குடியிருந்திருந்தால் இப்படி ஒரு தேதி வைத்திருக்க மாட்டார்கள்.

செய்தி பரவியதும் யோசனைகள் வந்து குவிந்தன. ஒரு பெரியவர், "ஆறு மாசம் வீட்டை விட்டு வெளியே தலை காட்டாதே. சினிமா, கோயில், உறவு எல்லாத்தையும் மூட்டை கட்டிவை" என்றார். இன்னொருவர், "ஞாயிற்றுக்கிழமைதான் படிக்கத் தோதான நாள். குழந்தையை அப்பன் பார்த்துக்கட்டும். நீ அறைக்குள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கோ" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். வாரத்தில் ஏழு நாளில் புருஷன் முகத்தைப் பார்ப்பது ஒரே நாள். குழந்தை அப்பாவின் தோளில் ஏறுவது அந்த ஒரே நாள். இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமைகளையும் பரீட்சைக்குக் கொடுத்துவிட்டால் மதிப்பெண் வரலாம். ஆறு வயதுக் குழந்தை, "அம்மா கதவுக்குப் பின்னால் இருப்பவள்" என்று தீர்மானித்துவிடாதா? ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்தாலோ, வாரநாளில் படித்தே ஆக வேண்டும். வாரநாளில் படிக்க முடிகிறதா?

இதை நான் ஒரு நாள் கவனித்தேன். பத்திரிகைக்காரியின் புத்தி, எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும். குழந்தை பள்ளிக்கூடம் போனபின் காலை ஒன்பது மணிக்குப் புத்தகத்தை விரித்தாள். ஒன்பது பத்துக்கு அம்மாவின் குரல் வந்தது: "ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போம்மா!" காஸ் சிலிண்டர் வந்திருக்கிறது, டெலிபோனில் ஏதோ எண் வந்திருக்குமாம், அதைச் சொல்ல வேண்டும். ஒன்பதரைக்கு, "ஒரு நிமிஷம்! இந்த மிளகாயைக் கொஞ்சம் மாடியில் போட்டுவிடு." பத்துக்கு, திண்டிவனத்திலிருந்து டெலிபோன்: பௌர்ணமிக்கு எந்த பஸ்ஸில் வந்தால் உட்கார இடம் கிடைக்கும்? பிறகு கீரைக்காரி, சில்லறை. பிறகு அம்மாவின் மூக்குக் கண்ணாடி. அது அம்மாவின் மடியிலேயே இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் பதினோரு "ஒரு நிமிஷம்" ஆயிற்று. ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம். திரும்பி வந்து விட்ட இடத்தைப் பிடிக்க இன்னொரு ஐந்து நிமிஷம். மூன்று மணி நேரத்தில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

அம்மா கெட்ட மாமியார் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். மருமகளுக்கென்று தனியாகத் தோசை எடுத்து மூடி வைக்கிறவள். என் தம்பி இதே வீட்டில் இஞ்சினீயரிங் படித்த காலத்தில் ரேடியோவின் காதைத் திருகி மூடியவள், சமையலறையில் பாத்திரம் உருண்டால்கூட, "படிக்கிற பிள்ளை!" என்று அதட்டியவள். அதே அம்மாதான். பிள்ளை படிக்க உட்கார்ந்தால் அது படிப்பு. மருமகள் படிக்க உட்கார்ந்தால், அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றிவிடுகிறது. கையில் கரண்டி இல்லாத மருமகள் கண்ணுக்கு ஓய்வாகத்தான் தெரிகிறாள். எத்தனை வீடுகளில் இப்படி இல்லை, சொல்லுங்கள்?

அன்று இரவு பரீட்சைக்காரி ஒரு மாதக் காலண்டரையும் மூன்று கலர் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, எல்லோரும் என்னை வெளியே போகாதேன்னு சொல்றாங்க. எனக்கு அது வேண்டாம். போகலாம். ஆனா எப்போ போறோம்னு முன்னாடியே தெரியணும். அவ்வளவுதான்."

சிவப்பு, விருந்தாளிக்கு. பச்சை, வெளியே போவதற்கு. நீலம், படிப்புக்கு. விடியற்காலை நாலரை முதல் ஆறரை, காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை, இரவு குழந்தை தூங்கியபின் ஒன்றரை மணி. இவை நீலம். நீலத்தில் யாரும் கூப்பிடுவதில்லை. வீடு தீப்பிடித்தால் மாத்திரம் கூப்பிடலாம். ஞாயிறு காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை, பரீட்சை நடக்கிற அதே வேளையில், வீட்டிலேயே ஒரு மாதிரிப் பரீட்சை. அதன்பின் அன்றைக்குப் புத்தகத்தைத் தொடுவதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் குழந்தைக்கும் புருஷனுக்கும் சொந்தம். மாதத்தில் ஒரு ஞாயிறு முழுக்கப் பச்சை.

அம்மா காலண்டரை வெகுநேரம் பார்த்தாள். "பௌர்ணமியிலே சிவப்பு போட்டிருக்கியே, அன்னிக்குப் படிக்க மாட்டியா?" என்றாள்.

"அன்னிக்கு நான் உங்க கூட அடுப்படியிலே. மத்த நாள் நீங்க என் கூட."

இந்த ஒப்பந்தம் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. காலண்டரைக் கொண்டுபோய் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள். அப்புறம் பாருங்கள்! டெலிபோனில் யாராவது கூப்பிட்டால், "இப்போ நீலம். பன்னிரண்டரைக்கு மேலே பேசு" என்று அம்மா பட்டென்று வைத்துவிடுவாள். எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, தெரியாது.

இனி சைக்கிள் கதைக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டு அரசு பதினோராம் வகுப்பு மாணவ மாணவிகளுக்கு இலவசமாக சைக்கிள் கொடுக்கிறது அல்லவா? போளூரில் அவள் படித்தபோது அப்படிக் கிடைத்த சைக்கிள், அவளுடைய பிறந்தகத்து மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. அதை வரவழைத்து, டயரும் டியூபும் பிரேக் கட்டையும் மாற்றினாள். நாள் முழுவதும் உட்கார்ந்து படித்ததில் அவளுக்கு முதுகுவலி கண்டிருந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி மலையை ஒரு சுற்று சுற்றி வருவது என்று வைத்துக்கொண்டாள். பௌர்ணமி நாட்களில் மாத்திரம் கிடையாது. அன்று அந்தப் பாதை நடக்கிறவர்களுக்கே போதாது.

"சைக்கிளிலே சுத்தினா புண்ணியம் உண்டா?" என்று அம்மா கேட்டாள்.

"எனக்குப் புண்ணியம் வேண்டாம் அத்தை, மார்க்கு போதும்" என்றாள் அவள்.

இதில் ஒரு சூட்சுமம் செய்திருந்தாள். கிரிவலப் பாதையில் எட்டு திக்குக்கும் எட்டு லிங்கங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். சிவில் பரீட்சைக்குப் பாடங்களும் எட்டு! இந்திர லிங்கத்துக்குக் கணிதம். அக்னி லிங்கத்துக்குக் கட்டமைப்பு. எமலிங்கத்துக்கு அவள் மிகவும் பயந்த பாடமாகிய மண் பொறியியல். நிருதி லிங்கத்துக்குச் சுற்றுச்சூழல். வருண லிங்கத்துக்கு நீர்வளம். வருணனுக்கு வேறு எதைக் கொடுப்பது? வாயு லிங்கத்துக்குப் போக்குவரத்து. குபேர லிங்கத்துக்கு நில அளவை, நிலம்தானே செல்வம்! ஈசான்ய லிங்கத்துக்குப் பதினைந்து மதிப்பெண்ணுக்கு வரும் பொது அறிவுத் திறன். ஒரு லிங்கத்திலிருந்து அடுத்த லிங்கம் போய்ச் சேருவதற்குள், அந்தப் பாடத்தில் முதல் நாள் படித்ததைப் புத்தகம் இல்லாமல் மனசுக்குள் ஒப்பித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு லிங்கத்திலும் சைக்கிளை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு. வீட்டுக்கு வந்ததும், எங்கே நினைவு தடுக்கிற்றோ அந்தப் பக்கத்தை மாத்திரம் புரட்டிப் பார்ப்பாள்.

இது வெறும் விளையாட்டில்லை. 2006ஆம் வருஷம் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு மனோதத்துவ அறிஞர்கள் மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு கூட்டத்தார் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றொரு கூட்டத்தார் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழாகிவிட்டது. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது. புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பது படித்த திருப்தியைத் தருகிறது. புத்தகத்தை மூடிவிட்டு யோசிப்பது படிப்பைத் தருகிறது. சைக்கிளில் போகும்போது புத்தகத்தைத் திறக்க முடியாதல்லவா? அதுவே அவளுக்கு அநுகூலமாயிற்று.

பச்சை ஞாயிறுகளும் வீணாகவில்லை. அக்டோபரில் ஒரு நாள் எல்லோரும் சாத்தனூர் அணைக்குப் போனோம். ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். தென்பெண்ணையின் குறுக்கே 1958இல், காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் கட்டி முடித்த அணை. முழுக் கொள்ளளவுக்கு நீர்மட்டம் 119 அடி. முதலைப் பண்ணையும் பூங்காவும் உண்டு. புளியோதரை, தயிர் சாதம், வடகம் என்று அம்மா தூக்குகளில் கொண்டுவந்திருந்தாள். குழந்தை முதலையைப் பார்த்துப் பயந்துபோய் அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டு, அங்கிருந்தபடி கேள்வி கேட்க ஆரம்பித்தது. "இவ்வளவு தண்ணி தள்ளினா சுவர் விழாதா?" "ரொம்பத் தண்ணி வந்தா என்ன பண்ணுவாங்க?"

பரீட்சைக்காரி வடகத்தைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் குச்சியால் படம் போட்டாள். ஆழம் அதிகமாக ஆக, தண்ணீரின் அழுத்தமும் அதிகமாகும்; ஆகவே அணையின் அடிப்பாகம் அகலமாக இருக்க வேண்டும். அதிகப்படியான தண்ணீர் போவதற்கு மதகுகள் உண்டு; எவ்வளவு திறப்பது, எப்போது திறப்பது என்பதுதான் சாமர்த்தியம். தாமதித்துத் திறந்தால் கீழே இருக்கிறவர்கள் பாடு கஷ்டம். ஆறு வயதுக் குழந்தைக்குப் புரிகிறமாதிரி ஒரு விஷயத்தைச் சொல்ல முடிந்தால், அதற்குமேல் என்ன பரீட்சை வேண்டும்? அம்மாவும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "இதெல்லாமா அந்த அறையிலே உட்கார்ந்து படிக்கிறே?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் உள்ளே என்ன செய்கிறாள் என்பது அன்றைக்குத்தான் அம்மாவுக்குக் கண்ணில் தெரிந்தது.

பிறகு டிசம்பர் வந்தது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, எங்கள் மாவட்டத்தில் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. காலண்டரில் அது பச்சை. மாலையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீட்டை மூடின. ஏழு பேர் போய்விட்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அதே இரவில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்குமேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணைக் கரை ஊர்களெல்லாம் வெள்ளத்தில் தவித்தன. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மலையடிவாரத்தில் இருப்பவர்கள், குழந்தை குட்டிகளோடு எங்கள் கூடத்தில் வந்து படுத்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் பரீட்சைக்காரி புத்தகத்தைத் தொடவில்லை. "அண்ணி, இந்த வாரம் நீலத்தையெல்லாம் அழிச்சிடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சமைத்தாள், குழந்தைகளைக் குளிப்பாட்டினாள், இரவில் மழைச் சத்தம் கேட்டு அழுத ஒரு சிறுமியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடத்துப் பெரியவர்கள், "மலை எப்படி அம்மா சரியும்?" என்று கேட்டபோது, மண்ணுக்குள் தண்ணீர் ஊற ஊற அதன் பிடிமானம் எப்படித் தளர்ந்துபோகிறது என்று சொன்னாள். குரல் தழுதழுத்தது.

பரீட்சைக்கு எண்பது நாள்கூட இல்லாதபோது ஒரு வாரம் போயிற்று. ஆனால் அவள் அதற்காக ஒரு வார்த்தை குறைபட்டுக்கொள்ளவில்லை. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு ஒன்று தெளிந்தது. நேரத்தைக் கொடுப்பது வேறு, பறிகொடுப்பது வேறு. பதினோரு "ஒரு நிமிஷ"த்தில் போன ஒரு காலை வேளைக்காக அவள் இரவெல்லாம் வருந்தியிருக்கிறாள். தானாகக் கொடுத்த ஏழு நாட்களுக்காக வருந்தவே இல்லை. அந்த வாரத்துக்குப் பிறகு எமலிங்கத்தின் பாடத்தை அவள் பயந்து பயந்து படித்ததையும் நான் பார்க்கவில்லை. படிக்க வேண்டிய காரணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

டிசம்பர் 13 அன்று தீபம். மண்சரிவுக்குப் பிறகு நிபுணர்கள் வந்து மலையை ஆராய்ந்ததால், அந்த வருஷம் பக்தர்களை மலைமேல் ஏற விடவில்லை. கீழே வழக்கம்போல ஜனசமுத்திரம். எங்கள் வீட்டிலும் பத்தொன்பது பேர். அவர்களில் புதுக்கோட்டைச் சித்தியும் ஒருத்தி. வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்து ஒரு மாமி, "கல்யாணமான பொண்ணு விடிகாலையிலே சைக்கிள் விட்டுக்கிட்டுப் போறதாமே? பரீட்சைக்குப் படிக்கிறவளுக்கு ஊர் சுத்தறதுக்கு நேரம் ஏது?" என்று ஆரம்பித்தாள். சித்தி ஒரு கையில் காப்பி டம்ளரோடு எழுந்து நின்றாள்.

"நாங்க படிப்பையும் சைக்கிளையும் ஒண்ணாத்தான் கத்துக்கிட்டோம், தெரியுமா?" என்றாள்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். எழுத்துக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த இயக்கம், பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்று ஊக்கம் கொடுத்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கல் உடைக்கும் குவாரிகளில் வேலை செய்த பெண்களும் அவர்களில் உண்டு. தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு, குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போனார்கள். பஸ்ஸுக்காகக் காத்து நின்ற மணிகள் அவர்களுக்கே திரும்பக் கிடைத்தன. சித்தி அப்போது இருபது வயதுப் பெண். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவள்.

"மத்தவங்க கூட்டிட்டுப் போனாத்தான் போக முடியும்னு இருந்தப்போ எங்களுக்கு நேரமே இல்லை. சைக்கிள் வந்தப்புறம்தான் நேரம்னு ஒண்ணு எங்க கைக்கு வந்துச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து காப்பியைக் குடித்தாள். மாமி அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் சித்தி ஐம்பத்து மூன்று வயதில் அந்த சைக்கிளை எடுத்துத் தெருக்கோடி வரை ஓட்டிக் காட்டியதை மாத்திரம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காணும் பொங்கலன்று செஞ்சிக் கோட்டைக்குப் போனோம். "பரீட்சைக்குச் சரியா ஒரு மாசம். செஞ்சியா?" என்று கேட்டவர்கள் உண்டு. காலண்டரில் அது ஆகஸ்டிலேயே பச்சை, ஆகவே போனோம். ராஜகிரிப் படிகளில் குழந்தை ஏறிய வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அன்று அவள் எந்தப் பாடமும் நடத்தவில்லை. புருஷனோடு ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டியர் காலத்து மற்றக் கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. "நாங்க அதுக்கு முன்னாடியே பார்த்துட்டோம்" என்று குழந்தை இப்போது பெருமையடித்துக்கொள்கிறது.

பிப்ரவரி 16, வேலூரில் பரீட்சை எழுதினாள். மார்ச் 19 அன்று முடிவு வந்தது. முதல் நூறு பேரில் ஒருத்தியா என்று கேட்காதீர்கள், இல்லை. ஆனால் சென்னையில் ஒரு கல்லூரியில் நீர்வளப் பொறியியல் மேல்படிப்புக்கு இடம் கிடைக்கப் போதுமான மதிப்பெண். கேட் பரீட்சையில் தேறி எம்.டெக். சேருகிறவர்களுக்கு உதவித்தொகை உண்டு. 2025இல் அது மாதம் 12,400 ரூபாய். குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவளே தயங்கினாள். "மூணு வருஷம் செல்லுமே, அடுத்த வருஷம் சேர்ந்துக்கறேன்" என்றாள். அம்மாதான் ஒப்புக்கொள்ளவில்லை. "அடுத்த வருஷமும் பௌர்ணமி பன்னிரண்டுதான் வரும். இப்பவே போ" என்று சொல்லிவிட்டாள். இப்போது அவள் வாரநாளில் சென்னை விடுதியில் இருக்கிறாள். குழந்தை பாட்டியிடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாத்திரம் எல்லோரும் ஒரே இடத்தில். சுலபமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழந்தை வாசலிலேயே நிற்கும்போது எனக்குத் தொண்டையை அடைக்கிறது. ஆனால் எந்த பஸ்ஸில் அம்மா வருவாள் என்று அதற்குத் தெரியும். சொன்ன நேரத்துக்கு அவள் வருகிறாள்.

உங்கள் வீட்டில் படிக்கிற பெண் யாராவது இருக்கிறாளா? மகளோ, மருமகளோ, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் நாத்தனாரோ? கோயிலுக்கும் கடற்கரைக்கும் அவளையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவளுக்கு ஒரு சைக்கிள் இருந்தால் காற்றடித்து வையுங்கள். அவள் வேண்டுவது அந்த "ஒரு நிமிஷம்" இல்லாத மூன்று மணி நேரம் மாத்திரமே.

போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, புதுக் காலண்டரை மாட்டி, மூன்று பென்சில்களையும் சீவி வைத்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். நாலாவதாக ஒரு மஞ்சள் பென்சில் அவள் கையில் இருந்தது. பேத்தியின் பெட்டியிலிருந்து எடுத்தது.

"சாயங்காலம் அஞ்சிலேருந்து ஆறு வரைக்கும் எனக்குன்னு ஒரு கட்டம் போடு."

"போடறேன். அந்த ஒரு மணி நேரத்திலே என்ன பண்ணப்போறே?"

"ஒண்ணும் பண்ணப்போறதில்லை. திண்ணையிலே உட்காரப்போறேன். யாரும் கூப்பிடக் கூடாது" என்றாள் அம்மா.

மாதம் முழுவதற்கும் மஞ்சள் போட்டுக் கொடுத்தேன்.